கல்வித் தகுதி என்ற கட்டம்

அவள் எங்கள் வகுப்புக்கு வந்த முதல் நாள் நான் கரும்பலகையில் கம்ப்யூட்டரின் படத்தை வரைந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் மேசைகளில் எட்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றில் ஐந்து ஓடும். இருந்தாலும் முதலில் படம் போட்டு, அம்புக்குறி இழுத்து, இது திரை, இது விசைப்பலகை என்று எழுதிக் காட்டி, எல்லோரும் நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் மெஷினைத் தொடவிடுவேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தானும் ஒரு நோட்டை எடுத்து அந்தப் படத்தை வரைந்துகொண்டாள். கிண்டலுக்கு இல்லை, உண்மையாகவே வரைந்தாள். அதனாலேயே அன்று எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

உறையூரில் ஓர் அரிசிக்கடையின் மாடியில் அந்த வகுப்பு நடந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் சின்ன அறக்கட்டளை. வாரத்தில் மூன்று நாள், காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை. கடைகள் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் கடையில் நிற்கிறவர்கள். அறக்கட்டளையின் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், என் கணவருக்குத் தெரிந்தவர். அவர்தான் என்னை அழைத்தார்.

நான் எம்.சி.ஏ. படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். பிறகு ஸ்ரீரங்கத்தில் குடித்தனம், மாமியாரின் வைத்தியம், மகளின் படிப்பு. மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் வீட்டில் பகல் நீண்டுவிட்டது. செயலாளர் கேட்டபோது யோசிக்கவே இல்லை. விடியற்காலையில் எழுந்து தளிகையை முடித்து வைத்துவிட்டு பஸ் பிடித்துப் போவேன். பதினெட்டு வருஷமாக நான் இன்னார் மனைவி, இன்னாரின் அம்மா. அந்த மாடிப்படி ஏறி உள்ளே நுழைந்தால் பதினான்கு பேர் எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்பார்கள். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டபோது என் முதுகு தானாக நிமிர்ந்தது.

அந்தப் பதினான்கு பேரில் ஒரு பெண் எனக்குத் தனி. பதினெட்டு வயது. ஒன்பதாவது படிக்கும்போது அப்பா தவறிப்போய், பெரிய கடை வீதியில் ஒரு புடவைக்கடையில் சேர்ந்துவிட்டாள். நாள் முழுக்கப் புடவை பிரித்துக் காட்டி மடித்து வைக்கிற கை. ஆனால் விசைப்பலகைக்கு முன்னால் அந்தக் கை நடுங்கியது. எந்த எழுத்தை அமுக்கினால் எது கெட்டுப்போகுமோ என்று பயம். தன் பெயரை ஆங்கிலத்தில் அடிக்க அவளுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. நான் பக்கத்திலேயே நின்றேன். அடித்து முடித்ததும் அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். நான் அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் என் மாணவி என்று மனதுக்குள் பட்டா போட்டுக்கொண்டேன்.

இப்போது, கடைசி பெஞ்சில் படம் வரைந்த அந்தப் புதியவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. மத்திய பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் எட்டு வருஷமாக வேலை. செயலாளர் தன் பென்ஷன் சம்பந்தமாக ஏதோ அனுப்பப் போனபோது, மற்ற இடங்களில் மூன்று நாள் இழுத்த வேலையை அவள் பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்திருக்கிறாள். அசந்துபோய் அவளை அழைத்து வந்துவிட்டார்.

"உங்களுக்கு உதவியா இருப்பாங்கம்மா. கடை பத்து மணிக்குத்தான் திறக்கறாங்களாம், அதுவரைக்கும் இங்க இருப்பாங்க" என்றார்.

"என்ன படிச்சிருக்கே?" என்று அவளைக் கேட்டேன்.

"நைன்த் மிஸ். பாதியில நின்னுட்டேன்" என்றாள். வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. வீட்டு முகவரி சொல்வதுபோலச் சொன்னாள்.

இரண்டு வாரம் கடைசி பெஞ்சிலேயே இருந்தாள். நான் சொல்லாமல் எதையும் தொடமாட்டாள். மூன்றாவது வாரம் ஒரு நாள் வகுப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஐந்து திரைகளும் ஒன்றாக அணைந்தன. "சரி, நோட்டை எடுங்க, நான் சொல்லச் சொல்ல எழுதுங்க" என்றேன். பிள்ளைகள் பெருமூச்சு விட்டார்கள்.

அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "மிஸ், ஒரு அரை மணி நேரம் நான் எடுத்துக்கட்டுமா?"

"எதை வச்சு?"

"அவங்ககிட்ட இருக்கறத வச்சு."

வகுப்புக்குள் போன் கூடாது என்பது என் சட்டம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்திருந்தேன். நுழையும்போது எல்லோரும் போனை அதில் போட்டுவிட வேண்டும். அவள் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள்.

"அவங்கவங்க போனை எடுத்துக்கங்க. இந்த வாரம் யாருக்காவது ஏதாவது வேலை ஆகணுமா? ஆபீஸ் வேலை, பேங்க் வேலை, எதா இருந்தாலும் சொல்லுங்க."

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒரு பையன் எழுந்தான். "எங்க ரேஷன் கார்டுல என் பேரு தப்பா இருக்குக்கா. ஒரு எழுத்து இல்ல. மூணு தடவ அலைஞ்சிட்டேன்."

"சரி. இன்னைக்கு இவன் பேரைத் திருத்தறோம். எல்லாரும் தேடுங்க, எந்தப் பக்கத்துல போகணும்னு. நான் சொல்ல மாட்டேன்."

தேடினார்கள். ஆளுக்கு ஒன்று கண்டுபிடித்துக் கத்தினார்கள். ஒருத்தன் காட்டிய பக்கம் பணம் கேட்டது. "பாத்தீங்களா, இது டூப்பு. பார்க்க ஒரிஜினல் மாதிரியே இருக்கும். முகவரியோட கடைசி எழுத்துகளைப் பாருங்க. அரசாங்கத்துதுன்னா எப்படி முடியும்?" என்று ஆரம்பித்து, உண்மையான பக்கத்துக்குக் கொண்டுபோனாள். "போனுக்கு ஒரு நம்பர் வரும். அத யார் கேட்டாலும்?"

"சொல்ல மாட்டோம்!"

"பேங்க்லேர்ந்து கேட்டா?"

"சொல்ல மாட்டோம்!"

"மிஸ் கேட்டா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது, தலைக்கு மேல் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. புடவைக்கடைப் பெண், எந்த விசையை அமுக்கவும் பயந்தவள், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணுக்கு ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் ஓரமாக நின்று சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாமே மாறியது. பிள்ளைகள் சீக்கிரம் வரத் தொடங்கினார்கள், எனக்காக இல்லை. அவளுடைய அரை மணி நேரம் ஒரு மணி நேரமாயிற்று. புகைப்படத்தை எப்படிச் சுருக்குவது, வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது, அம்மா கட்டும் பூவைப் படம் எடுத்து எப்படி நாலு பேருக்கு அனுப்பி விற்பது என்று அவள் சொன்னதெல்லாம் அன்றைக்கே அவர்களுக்குப் பயன்பட்டது. நான் சொல்லிக்கொடுத்தது என்றைக்காவது பயன்படலாம் என்ற நிலையில் இருந்தது.

"அக்கா" என்று அவளைக் கூப்பிடுகிற விதம் எனக்குக் குத்தியது. என்னை மிஸ் என்று கூப்பிடச் சொன்னது நான்தான். ஆனாலும் அந்த 'அக்கா'வில் ஒரு நெருக்கம் இருந்தது. படியிறங்கும்போது அவளைச் சுற்றி நாலைந்து பேர் போவார்கள், வழிவிட்டு என்னை முன்னால் போகச் சொல்வார்கள். மரியாதைதான். அந்த மரியாதையை யாருக்காவது கொடுத்துவிட்டு நானும் அந்தக் கூட்டத்தின் நடுவில் இறங்கிப் போகத் தயாராக இருந்தேன்.

ஒரு நாள், "குரூப்ல போட்டேனே, பாக்கலயா?" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வது காதில் விழுந்தது.

"என்ன குரூப்?" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப் குழு. ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருக்கிறது. "உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னுதான் மிஸ்" என்று சொல்லி உடனே என்னையும் சேர்த்தார்கள். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அதற்கு முன்னால் பேசியது எதுவும் என் போனில் வராது என்று. ஒரு மாதத்துச் சிரிப்பும் சந்தேகமும் கேள்வியும் பதிலும் ஒரு வெற்றுத் திரைக்குப் பின்னால் இருந்தன. பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வெற்றுத் திரையை மேலே மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன். காவிரிப் பாலம் தாண்டியதே தெரியவில்லை.

வீட்டில் அவளைப் போலப் பேசிப் பார்த்தேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "யாருக்காவது ஏதாவது வேலை ஆகணுமா?" என்று கேட்டேன். தாசில்தார் ஆபீஸ் கவுன்டர்போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நிறுவனம் எங்கள் அறக்கட்டளைக்கு உதவ முன்வந்தது. இரண்டு பயிற்சியாளர்களுக்கு முழுநேரச் சம்பளம், புதுக் கம்ப்யூட்டர்கள். "இது அமைஞ்சா நீங்க பிரவுசிங் சென்டரை விட்டுட்டு இங்கயே வந்துடலாம்" என்று செயலாளர் அவளிடம் என் எதிரிலேயே சொன்னார். அவள் முகம் சிவந்துபோயிற்று. அவ்வளவு சந்தோஷத்தை அவள் காட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் பார்வையிட வந்தார்கள். புடவைக்கடைப் பெண்தான் அவர்களுக்கு எல்லாம் செய்து காட்டினாள். கடிதம் அடித்தாள், அதை மின்னஞ்சலில் அனுப்பினாள், திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுத முடியும் என்று தானே தேடிக் கண்டுபிடித்ததைச் சொன்னாள். கை நடுங்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது.

வந்தவர்களில் ஒரு அம்மாள் கேட்டார். "பிரமாதம்மா. யார் உங்களுக்குக் கத்துக்கொடுத்தாங்க?"

"அக்கா" என்று அவளைக் கைகாட்டினாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, அவசரமாக, "மிஸ்ஸும்" என்றாள்.

அந்த 'உம்'மை ஸ்ரீரங்கம்வரை சுமந்துகொண்டு வந்தேன். மத்தியானம் சாப்பிடும்போது கணவர் கேட்டார். "என்ன ஆச்சு உனக்கு? வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசலை."

சொன்னேன். அவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "உனக்கு அந்தப் பொண்ணு மேல பொறாமை."

"எனக்கா? எனக்கென்ன பொறாமை?"

"அதானே. எம்.சி.ஏ. படிச்சவளுக்கு ஒன்பதாங் கிளாஸ் மேல என்ன பொறாமை?" அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது ஒரு வழியைக் காட்டியதுபோல ஆகிவிட்டது.

நிறுவனம் ஒரு படிவம் அனுப்பியிருந்தது. "உங்க எழுத்து அழகா இருக்கும். நீங்களே நிரப்பிக் கொடுத்துடுங்கம்மா" என்று செயலாளர் என்னிடம் கொடுத்தார். மூன்றாவது பக்கத்தில் பயிற்சியாளர் விவரம். பெயர், வயது, கல்வித் தகுதி, அனுபவம். என் வரியை நிரப்பினேன். அவள் வரிக்கு வந்தபோது பேனா நின்றது.

அனுபவக் கட்டத்தில், இணையவழிச் சேவைகளில் எட்டு ஆண்டுகள் என்று எழுதியிருக்கலாம். நான் எழுதியது: பிரவுசிங் சென்டர் ஊழியர். கல்வித் தகுதி என்ற கட்டத்தில், ஒன்பதாம் வகுப்பு (இடைநின்றவர்) என்று எழுதினேன். ஒன்பதாம் வகுப்பு என்பதே போதும். அடைப்புக்குறி தேவையே இல்லை. தேவையில்லை என்று தெரிந்தே, அழகான கையெழுத்தில், நிதானமாகப் போட்டேன். செயலாளரிடம் கொடுக்கும்போது, "சார், இவங்க படிப்பு ஒரு பிரச்சினையா வராதே? எதுக்கும் நீங்க ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்று சொன்னேன். நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் கிடையாது. அதை நினைத்துத்தான் அன்று தூங்கினேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. பயிற்சியாளர் குறைந்தது பட்டதாரியாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணை வேண்டுமானால் உதவியாளர் என்று வைத்துக்கொள்ளலாம். செயலாளர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, தரையைப் பார்த்தபடி இதைச் சொன்னார்.

"சரிங்க சார்" என்றாள் அவள்.

அடுத்த வகுப்பிலிருந்து வருகைப் பதிவேட்டில் குறித்தாள், திரைகளைத் துடைத்தாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். "அக்கா, இது எப்படி?" என்று யாராவது வந்தால், "மிஸ்ஸைக் கேளுங்க" என்றாள். இரண்டு வாரம் அப்படி. பிறகு, கடையில் காலையிலேயே வரச் சொல்கிறார்கள் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விடுவது சரியில்லை. அன்று வீட்டுக்கு வந்து அக்காரவடிசல் பண்ணினேன். "என்ன விசேஷம்?" என்று கேட்டார் கணவர். "சும்மாதான்" என்றேன்.

பதினான்கு பேர் பத்துப் பேர் ஆனார்கள், பிறகு ஆறு பேர். ஒருவரும் என்னிடம் கோபமாக நடந்துகொள்ளவில்லை. கடையில் லீவு கிடைக்கவில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். வாட்ஸ்அப் குழுவில் நான் மட்டும் பாடக்குறிப்புகள் போட்டேன். எல்லோரும் படித்ததற்கு அடையாளமாக நீலக் குறி வரும். பதில் வராது. அவர்கள் வேறு குழு ஆரம்பித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

புடவைக்கடைப் பெண் மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தாள். திறந்தநிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தபோது ஒரு பையில் எல்லாச் சான்றிதழ்களையும் போட்டுக்கொண்டு வந்து, "இத போட்டுடலாமா மிஸ்?" என்று கேட்டாள். இதற்காகத்தானே காத்திருந்தேன். பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

புகைப்படம் ஏறவில்லை. அளவு அதிகம் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. சுருக்கினேன், முகம் கலங்கிப்போயிற்று. தெளிவாக்கினேன், மறுபடி அளவு கூடியது. அது ஒரு வழியாக முடிந்ததும் பெயரில் சிக்கல். பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் இருந்தது, ஆதாரில் முழுப்பெயர். எதைப் போடுவது? தப்பாகப் போட்டால் நாளைக்கு வரும் மதிப்பெண் சான்றிதழிலும் அதுவே வந்துவிடும். எனக்குத் தெரியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் கடந்து பக்கம் மூடிக்கொண்டது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு, "மிஸ், கோச்சுக்காதீங்க. அக்காட்ட போயிட்டு வரலாமா?" என்றாள்.

கோபித்துக்கொள்ளத்தான் இருந்தேன். அவள் மடியில் அந்தப் பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தது கண்ணில் பட்டது. "வா, நானும் வரேன்" என்றேன்.

பஸ்ஸில் அவள் சொன்னாள். "அக்காவும் பத்தாவது போட்டிருக்காங்க மிஸ். போன வாரமே."

அந்தக் கடை அகலம் குறைந்த ஒரு நீள அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வாசல்வரை ஆட்கள். எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை, எல்லோர் முகத்திலும் கலக்கம். அவள் ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கு என்னங்க?" என்று கேட்டு, அவர்கள் சொல்லத் தெரியாமல் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களுக்கே எடுத்துச் சொன்னாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க மிஸ். உட்காருங்க." ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

விண்ணப்பத்தை முடிக்க அவளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "டி.சி.ல எப்படி இருக்கோ அப்படியே போடுவோம். ஆதார்ல இனிஷியல் விரிவா இருக்கு, அவ்வளவுதான். பரவால்ல" என்றாள். புடவைக்கடைப் பெண் வேலைக்குத் தாமதம் என்று கடைக்குப் போன் பேச வெளியே போனாள். அச்சடித்த தாள்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"அந்த ஃபார்ம் பத்தியா மிஸ்?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லி சார் எங்கிட்டதானே கொடுத்தாரு. இந்த மெஷின்லதான் வச்சு எடுத்தேன்."

"படிச்சியா?"

"எழுத்து நேரா விழுந்திருக்கான்னு பாக்கணும்ல. படிக்காம எப்படி மிஸ்?"

"படிச்சுட்டு ஏன் அனுப்பின? சார்ட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? பொய் எழுதியிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்." தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி பின் அடித்தாள். "ஒருத்தர் எழுதிக் கொடுத்தத நாம திருத்தக் கூடாது. இங்க சேர்ந்த அன்னைக்கு ஓனர் முதல்ல சொன்னது அதான்." கொஞ்சம் தயங்கினாள். "அந்த பிராக்கெட் மட்டும் போடாம இருந்திருக்கலாம் மிஸ்."

"தப்பு பண்ணிட்டேன்" என்றேன். பின்னால் நின்ற ஒரு பெரியவர் என்னை எட்டிப் பார்த்தார்.

"சரி விடுங்க" என்றாள். மன்னித்தாளா என்று அவள் முகத்தில் தேடினேன். அதற்குள் அவள் என் தோளைத் தாண்டிப் பார்த்து, "அடுத்து யாருங்க?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் எனக்கு வெட்கம் இருந்தது, அழுகை இருந்தது. இரண்டுக்கும் அடியில் பொறாமையும் அப்படியே இருந்தது. நான் அவள் இடத்தில் இருந்தால் அந்தத் தாளைக் கிழித்திருப்பேன், இல்லாவிட்டால் ஊர் முழுக்கச் சொல்லி அழுதிருப்பேன். தன் வேலையைப் பறிக்கிற தாளை நேராக வைத்து, நிழல் விழாமல் ஸ்கேன் எடுத்து அனுப்புகிற அந்தக் கை என்னிடம் இல்லை. எந்தப் படிப்பும் எனக்கு அதைக் கொடுக்கவில்லை.

மறுநாள் செயலாளர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "நானும் படிச்சுட்டுத்தானேம்மா கையெழுத்துப் போட்டேன்" என்றார். நிறுவனத்துக்கு மறுபடி எழுதினார். நானும் அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன், அவளுடைய எட்டு வருஷ அனுபவத்தையும் அந்தக் கரண்ட் போன நாளையும். அவர்கள் விதியை மாற்றவில்லை. பத்தாவது தேறினால் யோசிக்கலாம் என்று பதில் வந்தது. அதைச் சொல்லப் போனபோது அவள், "பாக்கலாம் மிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

வாரத்தில் இரண்டு மத்தியானம் அந்தக் கடைக்குப் போய் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தேன். "எனக்குச் சொல்லிக் கொடு" என்று நேராகவே கேட்டேன். அவள் மறுக்கவில்லை. அதிகம் விளக்கவும் மாட்டாள். "பாருங்க மிஸ்" என்பாள், நான் பார்ப்பேன். கூட்டம் அதிகமான நாளில், "ஏம்மா, இத ரெண்டு காப்பி போடு" என்று யாராவது என்னிடம் தாளை நீட்டுவார்கள், போட்டுக்கொடுப்பேன். உறையூர் வகுப்பில் போன் கூடையை எடுத்துவிட்டேன். ஆறு பேர் ஒன்பது பேர் ஆனார்கள். பழையபடி பதினான்கு வரவில்லை.

இருவரும் தேர்வு எழுதினார்கள். 'அக்கா'வுக்கு நான்கு பாடம் வந்தது, கணக்கு போய்விட்டது. அடுத்த முறை எழுதுவதாகச் சொன்னாள். ஆனால் எங்கள் வகுப்புக்கு வரப்போவதில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முடிவு வருவதற்கு முன்பே கடை முதலாளி துவாக்குடியில், மாணவர்கள் தங்கும் விடுதிகள் இருக்கும் தெருவில், இரண்டாவது கடை திறந்து அதை அவள் பொறுப்பில் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைச் சாத்திவைத்து உள்ளே இலவசமாக வகுப்பு எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் வராமல் நின்றுபோனவர்களில் நாலைந்து பேர் அங்கே போகிறார்கள். காந்தி மார்க்கெட் பையன் இரண்டு பஸ் மாறிப் போகிறான். கேட்டபோது, பழைய இடத்தில் சுருக்கென்றது. ஞானம் வந்தால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

புடவைக்கடைப் பெண் ஐந்து பாடத்திலும் தேறினாள். முடிவு வந்த அன்று மத்தியானம் எனக்குப் போன் செய்தாள். பின்னால் வண்டிச் சத்தமும் ஆட்களின் குரலும் கேட்டன. எங்கிருந்து பேசுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மிஸ், பாஸ் ஆயிட்டேன். இங்கிலீஷ்ல எழுபத்தொண்ணு!"

"ரொம்ப சந்தோஷம்டி கண்ணு. எங்க இருக்கே?" தெரிந்தே கேட்டேன்.

"அக்கா கடையிலதான் மிஸ். அக்காதான் எடுத்துக் காமிச்சாங்க. உங்ககிட்ட பேசணுமாம், கொடுக்கறேன்."

ஒரு விநாடி வெறும் இரைச்சல். பிறகு அவள் குரல்.

"மிஸ், நல்லா இருக்கீங்களா? கணக்குக்கு உங்ககிட்ட வரலாமான்னு கேக்கணும்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்கு ஆகாது. வேற எந்த நாள்னாலும் வரேன்."

"வியாழக்கிழமை வா" என்றேன். "காலைல ஆறு மணிக்கு. வீட்டுக்கே வா."

போனை வைத்த பிறகுதான், மகளின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எங்கே வைத்தேன் என்று தேட ஆரம்பித்தேன்.